கூப்பிடு அலமாரி

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். கதவை மூட வேண்டாம், ஒருக்களித்தபடி இருக்கட்டும்... யாருக்காவது வெளியே போக வேண்டியிருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள். நடுவில் எழுந்தால் துணைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள்.

நேரம், பகல் இரண்டு மணி. சிரிக்காதீர்கள். நடுராத்திரி, சுடுகாட்டு ஓரம் என்று ஆரம்பிப்பேன் என்று பார்த்தீர்கள், தெரியும். இது பகல் இரண்டு மணிக்கு நடந்தது. விடுமுறை நாள் வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நேராக ஒரு சாலை போகும். ஒரு பக்கம் பிணவறையின் நீளச் சுவர். மறு பக்கம் பூட்டிக் கிடக்கிற வகுப்பறைகள். மரம் இல்லை, நிழல் இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் பிச்... பிச்... என்று சத்தம். அன்றைக்கு அந்தச் சாலையில் நடந்து போனது ஒரே ஒரு ஆள்தான்.

அவர் என் சிநேகிதனுடைய சித்தப்பா. சாலையின் முடிவில் இருக்கிற தேசிய மருத்துவ நூலகத்தில் துணை இயக்குநர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், இரண்டிலும் மை இருக்காது. வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கத்தரி'. எதைப் பார்த்தாலும் குறை, வெட்டு, கழி. கூடத்தில் இரண்டு விளக்கு எரிந்தால் ஒன்றை அணைப்பார். பிள்ளைகள் சிரித்தால் பாதிச் சிரிப்பு போதும் என்பார். அந்த ஆளோடு எனக்கும் பழக்கம் உண்டு. பழகியதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த நூலகம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். முதலில் அது ஒரே ஒரு அலமாரி. ராணுவ ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவர், காயம்பட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, தனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று பயந்துபோனார். இப்போது அப்படிப் பயப்படுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கப்பலில் போகிறவன் வருகிறவன் எல்லாரிடமும் கெஞ்சிப் புத்தகம் சேர்த்தார். அலமாரி அறையானது. அறை வீடானது. வீடு நாலு மாடிக் கட்டடமானது. மருத்துவம் பற்றி எங்கே எது அச்சானாலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர்ந்தது. எந்த நோய்க்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பிரித்து வைத்தார்கள். மற்ற கல்லூரிகளில் இடம் போதவில்லையென்றால் பழையதைக் கழித்துவிடுவார்கள். இங்கே மட்டும் கழிப்பதில்லை. நாட்டுக்கே கடைசிப் பிரதி இங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் தூக்கிப் போட்டார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு கறுப்புத் தொலைபேசி, பக்கத்தில் ஒரு நீள அலமாரி. அங்கே வேலை பார்த்தவர்கள் அதைக் 'கூப்பிடு அலமாரி' என்பார்கள். விஷம், தீக்காயம், அபூர்வமான பிரசவச் சிக்கல், இப்படி அவசரத்துக்குத் தேவைப்படும் புத்தகங்களெல்லாம் அதில் இருந்தன. எங்கேயோ ஒரு மலைக்கிராமத்து ஆஸ்பத்திரி. மேசையில் நோயாளி. டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கிருந்து கூப்பிடுவார்கள். யார் பக்கத்தில் இருந்தாலும் எடுக்க வேண்டும். யார், என்ன, எந்தத் துறை என்றெல்லாம் கேட்கக் கூடாது. பக்கத்தை எடுத்து நிதானமாக வாசிக்க வேண்டும். அளவு வந்தால் இரண்டு தடவை. மறுமுனையில் அதைத் திருப்பிச் சொல்வார்கள், சரிதான் என்று உறுதி சொல்ல வேண்டும். அப்புறம் ஒரே ஒரு விதி... மறுமுனையில் இருப்பவர் 'போதும்' என்று சொல்லும் வரை இங்கே யாரும் போனை வைக்கக் கூடாது. தீப்பிடித்தாலும் வைக்கக் கூடாது.

அந்த மேசையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? சித்தி. நம் கத்தரியின் மனைவிதான். நூலகப் படிப்பில் அவரைவிட நல்ல தேர்ச்சி. அந்த எரிச்சல் கத்தரிக்குக் கடைசி வரை ஆறவில்லை.

கத்தரிக்கு ஒரே ஆசை. இயக்குநர் நாற்காலி. பழைய இயக்குநர் ஓய்வு பெறப் போகிறார். புதிதாக ஏதாவது செய்து மந்திரி கண்ணில் பட வேண்டும். யோசித்தார், யோசித்தார்... கீழ்த்தளத்தைக் காலி செய்து அங்கே ஒரு காட்சிக்கூடம் வைப்பது என்று முடிவு செய்தார். எதைப் பற்றி? நூலகத்தின் வரலாற்றையும் சேவையையும் பற்றி. சேவையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அதைப் பற்றிச் சுவரில் பலகை. இப்படி ஒரு யோசனை சாதாரண முட்டாளுக்கு வராது. அதற்குப் பதவி வேண்டும்.

சும்மா தூக்கிப் போட முடியாது அல்லவா, காரணம் வேண்டும். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்குமே, இரவல் கொடுத்தால் தேதி முத்திரை விழுமே, அதைப் பார்த்தார். கூப்பிடு அலமாரியில் ஒரு புத்தகத்தில்கூட முத்திரை இல்லை. சீட்டெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. 'இத்தனை வருஷமாக ஒருத்தரும் தொடாத புத்தகங்கள்' என்று கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டில் இரண்டு விளக்கும் எரிந்ததாம்.

சாப்பிடும்போது சித்தி சொல்லிப் பார்த்தார்.

"ஏங்க, அந்தப் புத்தகம் வெளியவே போகக் கூடாது. போகாத புத்தகத்துல முத்திரை எப்படிங்க விழும்? தினமும் நாங்க எடுத்து வாசிக்கிறோம்."

"வாசிச்சா போதுமா? அத்தாட்சி எங்க?" என்றார் கத்தரி.

அவ்வளவுதான். மறுவாரம் சித்தியை மேல்மாடிக்கு மாற்றி, நாற்காலிகளுக்கு எண் ஒட்டும் வேலையில் போட்டார். புத்தகங்களைக் கொல்லைப்புறத்தில் குவித்து, உள்ளே இருந்த தாள்களை அறுத்துக் காகித ஆலை லாரியில் ஏற்றினார். அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டார். தோல் அட்டை, பொன் எழுத்து, பார்க்க லட்சணமாக இருக்கும் அல்லவா? உள்ளே தெர்மோகோல் துண்டுகளைச் செருகி, திரும்பவும் அதே அலமாரியில் வரிசையாக அடுக்கினார். தொலைபேசியின் ஒயரைத் தானே நின்று வெட்டுவித்து, துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் மந்திரி வருகிறார். அதற்கு முந்தின பகல்தான் இந்தப் பகல்.

*

சாவி போட்டுத் திறந்து உள்ளே போனார் கத்தரி. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே குளிர். புது வார்னிஷ் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை... பழைய தாள் வாசனை. தாள்தான் போய்விட்டதே, வாசனை எங்கிருந்து வருகிறது என்று மூக்கைச் சுருக்கினார். பலகைகளைச் சரி பார்த்தார். தன் புகைப்படம் அந்த ராணுவ வைத்தியரின் படத்தைவிட ஒரு விரற்கடை சின்னதாக இருப்பது அவருக்கு உறுத்தியது. இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகுமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணி அடித்தது.

க்ர்ர்ரிங்... நின்றது. க்ர்ர்ரிங்...

இந்தக் காலத்துச் சத்தம் இல்லை. பித்தளைக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுகிற பழைய சத்தம். கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. உள்ளே வைத்திருந்த பெயர் அட்டை சரிந்து விழுந்தது.

கத்தரிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எந்தக் கழுதை ஒயரைத் திரும்பச் சேர்த்தது? பெட்டியைத் திறந்து, போனை எடுத்து, "யாரு?" என்றார்.

அந்த மேசையில் கேட்கக் கூடாத கேள்வி அது.

மறுமுனையில் ஒரு இளம் ஆண் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பெண் எங்கோ விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நச்சுச் செடிகள், மூணாவது தொகுதி. வேலியோரச் செடியோட காயைத் தின்னுடுச்சு. ஆறு வயசுப் பொண்ணு. மாத்து மருந்து கைவசம் இருக்கு, அளவு தெரியல. சீக்கிரம் வாசிங்க."

"அப்படி ஒரு புத்தகம் இங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடனே மறுபடியும் மணி. எடுத்தார்.

"இருக்குங்க. உங்க அலமாரியில ரெண்டாவது தட்டு, இடது ஓரம். பொண்ணுக்குக் கண்ணு சொருகுது. மத்த எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன். உங்ககிட்ட இருக்கும்னுதான் சொன்னாங்க."

கத்தரி திரும்பிப் பார்த்தார். ரெண்டாவது தட்டு, இடது ஓரம். பச்சைத் தோல் அட்டை. பொன் எழுத்து. உள்ளே தெர்மோகோல்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் 'விளங்கியது'. இது சித்தியின் வேலை. மேல்மாடியில் இருந்து யாரையோ பேச வைத்துத் தன்னைப் பயமுறுத்திப் பார்க்கிறாள். நாளைக்கு விழாவில் நான் உளற வேண்டும், நாற்காலி போக வேண்டும், அதுதானே உனக்கு வேண்டும்? இருக்கட்டும். என்னிடமே விளையாட்டா?

பச்சை அட்டையை எடுத்து மேசையில் 'டப்' என்று போட்டார். அந்தச் சத்தம் போனில் கேட்க வேண்டுமே. வெறும் விரலால் பக்கம் புரட்டுகிற மாதிரி தெர்மோகோலைச் சுரண்டினார். க்ரீச்... க்ரீச்...

"ம்ம், எடுத்துட்டேன். குறிச்சுக்கோ. ஒரு டம்ளர். முழுசா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். மறுமுனையில் சிரிக்கவில்லை. மேசை விதிப்படி நிதானமாகத் திருப்பிச் சொன்னது அந்தக் குரல்.

"ஒரு டம்ளர். முழுசா. ஒரு டம்ளர். முழுசா. சரிதானே?"

இங்கேதான் கேளுங்கள். இங்கே ஒரு நொடி இருந்தது. 'இல்லை, எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். தெருவில் போகிற குடிகாரன்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள் அவர்.

"சரிதான்" என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு... மூடி திருகுகிற சத்தம். திரவம் ஊற்றுகிற சத்தம், நிதானமாக, விளிம்பு வரை. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். 'டிக்'. டம்ளர் விளிம்பு ஒரு குழந்தையின் பல்லில் பட்ட சத்தம். மடக்... மடக்... மடக்... அது முடியவே இல்லை என்று கத்தரிக்குத் தோன்றியது. அவர் பிள்ளை பெற்றவர். அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"கொடுத்தாச்சு" என்றது குரல். "அப்புறம்?"

கத்தரி பச்சை அட்டையைத் தள்ளி வைத்தார்.

"அப்புறம் என்ன செய்யணும்? அடுத்த பக்கம் வாசிங்க."

போனை வைத்துவிட்டார். வைத்த கை அப்படியே அதன் மேல் இருந்தது. மெதுவாக அதைத் தூக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒயர், முனையில் பிசிறிய செம்பு. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டியின் தரையில் வெள்ளைத் துணிதான் விரித்திருந்தது.

*

அன்று சாயங்காலம் சித்தி கதவைத் திறந்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டார். பகலில் எங்கே இருந்தாய் என்று கத்தரி கேட்டார். தங்கை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தேன், வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்றார் சித்தி. கத்தரி சுற்றி வளைத்து, காட்சிக்கூடத்துப் போனில் ஏதோ தவறான இணைப்பு வந்ததாகவும், விஷக்காய் தின்ற ஒரு குழந்தைக்காக நச்சுச் செடிகள் மூன்றாம் தொகுதியைக் கேட்டதாகவும் சொன்னார். டம்ளர் விஷயத்தைச் சொல்லவில்லை.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றுவிட்டது.

"அவங்க போதும்னு சொன்னாங்களா?"

"என்ன?"

"நீங்க போனை வைக்கறதுக்கு முன்னாடி, அவங்க போதும்னு சொன்னாங்களான்னு கேக்கறேன்."

கத்தரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சித்தி அன்றைக்கே வெளியூர்க் கல்லூரி நூலகர்கள் ஒவ்வொருவரையும் வீட்டில் கூப்பிட்டு, நச்சுச் செடிகள் மூன்றாம் தொகுதி இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். எங்களுடையதைக் கழித்துவிட்டோம், உங்களிடம்தான் இருக்கிறதே, அந்தத் தைரியத்தில்தான். காகித ஆலைக்காரனிடம் கேட்டதற்கு, அது பெட்டியாகி முட்டை ஏற்றிப் போய்விட்டது என்றான். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட எங்கேயும் மிச்சம் இல்லை. எந்தக் குழந்தை, எந்த ஊர் என்று தெரியாமல் சித்தி அந்தக் குழந்தைக்காக அழுதார். கத்தரி விழாவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விழா. மந்திரி வந்தார், நாடாவை வெட்டினார், எல்லாப் பலகை முன்னாலும் நின்று ஒன்றையும் படிக்காமல் தலையாட்டினார். அவரையும் கத்தரியையும் ஒரு தராசில் வைத்தால் முள் அசையாது. புகைப்படக்காரர், ஐயா, அந்தப் பழைய போனைக் காதில் வைத்து ஒரு படம் என்று கேட்டார். மந்திரிக்கு அது பிடித்திருந்தது. எடுத்துக் காதில் வைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

பல் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்து, கத்தரியிடம் நீட்டினார்.

"உங்களுக்குத்தான். நேத்து வாசிச்சவரக் கூப்பிடுங்கன்னு சொல்றாங்க."

கூட்டம் சிரித்தது. மந்திரி தமாஷ் செய்கிறார் என்று நினைத்தார்கள். கத்தரி வாங்கினார். வாங்காமல் என்ன செய்வது, மந்திரி நீட்டுகிறாரே. காதில் வைத்தார். முந்தின நாள் இருந்த அதே மூச்சு. விசும்பல் மட்டும் நின்றிருந்தது.

"அப்புறம்?"

இயக்குநர் நாற்காலி பத்தடி தூரத்தில் நிற்கிறது. அத்தனை பேர் பார்க்கிறார்கள். வைத்துவிட்டால் மணி அடிக்கும், ஒயர் இல்லாத போன் எல்லார் முன்னிலையிலும் அடிக்கும். ஏதாவது வாசித்தாக வேண்டும். அட்டைகளுக்குள் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்க வாசிப்பதற்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். எதிர்ச் சுவரில் இருந்த பலகை.

கத்தரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இந்நூலகம் ஒரு ராணுவ வைத்தியரின் சிறு அலமாரியாகத் தொடங்கி..."

நச்சு ஏறி மேசையில் கிடக்கிற குழந்தைக்கு, இந்த நூலகம் எவ்வளவு மகத்தானது என்று வாசித்துக் காட்டினார். ஒரு வரி விடவில்லை. 'உயிர்காக்கும் தகவலை உடனுக்குடன் வழங்கி' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கிவிட்டு மேலே வாசித்தார். வாசிக்க வாசிக்க மறுமுனையில் ஒரு பென்சில் ஓடுகிற சத்தம்... எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் அந்தக் குரல் மெதுவாகத் திருப்பிச் சொல்லியது. முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி, எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார் என்று மந்திரியே மேடையில் பாராட்டினார்.

நாற்காலி கிடைத்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு அது கிடைக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

*

அதற்கப்புறம் அந்தக் கறுப்புப் போன் தேவைப்படவில்லை. எந்தப் போனை எடுத்தாலும் முதலில் அந்த மூச்சு. சில மாதத்தில் போனே தேவைப்படவில்லை. இயக்குநர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். மின்விசிறி நிற்கும், அறை அமைதியாகும்... காதுக்குப் பின்னால், இவ்வளவு பக்கத்தில், "அப்புறம்?"

வாசித்தால் நிற்கும். எதை வாசித்தாலும் சரி. சுற்றறிக்கை, பிஸ்கட் பாக்கெட், மருந்துச் சீசா, பஸ்ஸில் எழுதியிருக்கிற விளம்பரம். சத்தமாக வாசிக்க வேண்டும், அளவு வந்தால் இரண்டு தடவை. வாழ்நாள் முழுக்க ஒரு புத்தகத்தையும் உருப்படியாகப் படிக்காத ஆள், நாள் முழுக்க வாய் ஓயாமல் வாசித்தார். பார்த்தவர்கள், இயக்குநருக்கு என்ன ஒரு வாசிப்பு ஆர்வம் என்று வியந்தார்கள். ஓய்வு பெற்றபோது அதைச் சொல்லித்தான் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதையும் வாசித்தார்.

சித்தியிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னார், டம்ளர் உட்பட. அன்றிலிருந்து சித்தி அவரைப் பார்க்கிற பார்வையே வேறு. திட்டவில்லை. அந்தக் குரல் தனக்குக் கேட்காதா என்று ராத்திரியெல்லாம் விழித்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்டால் அந்தக் குழந்தையிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்பாவது கேட்பேனே என்று என் சிநேகிதனிடம் சொல்லி அழுதிருக்கிறார். அவருக்கு அது கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

கத்தரி தனியாக இருந்தார். பெற்ற பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பதில்லை. வருஷங்கள் போயின. குரல் கரகரத்து, ராத்திரியில் வாய்க்குள் முணுமுணுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அண்ணன் மகன் என்ற முறைக்கு என் சிநேகிதன்தான் அவ்வப்போது போய்ப் பார்ப்பான். அவனுக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். ஒருநாள் கத்தரி அவனிடம் சொன்னாராம், இப்போதெல்லாம் அந்த டாக்டர் கேட்பதில்லை, அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது, அந்தக் குட்டியே கேட்கிறது என்று. இவன் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

கடைசி நாளும் பகல்தான். கட்டிலில் சாய்ந்து, ஒரு பழைய செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். வரி வரியாக மூச்சு முட்டியது. அறையில் தைல வாசனை, ஊறிய தாள் வாசனை. என் சிநேகிதன் தட்டை வைத்தான்.

"நீ கொஞ்சம் வாசிடா. நான் சாப்பிடற வரைக்கும்."

பாவம் என்று இவனும் வாங்கி வாசித்தான். ஏதோ நெல் விலையோ, காற்று மழைச் செய்தியோ. கத்தரி சாப்பிடவில்லை. அவனை ஒரு மாதிரி கூர்ந்து பார்த்தார். எத்தனையோ பேர் தலையில் எத்தனையோ வேலையைக் கட்டிய பார்வை அது. பிறகு அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, பழைய அலுவலகக் குரலில், ஒரு திக்கல் இல்லாமல் சொன்னார்.

"என் இடத்துல இனிமே இவன் வாசிப்பான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் உதடு அசையாமல் இருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி, மறுபடி ஒரு பதவி உயர்வு கிடைத்த மாதிரி. போகும்போதுகூட வேலையை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுத்தான் போனார்.

சிநேகிதன் உடனே புரிந்துகொள்ளவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தான். செய்தித்தாளை மடித்தான். அறை அமைதியானது... தெருவில் ஒரு சைக்கிள் போனது. அதுவும் போய்விட்டது.

காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு.

குழந்தையின் குரலைத்தான் அவன் எதிர்பார்த்தான். சித்தப்பா அப்படித்தானே சொல்லியிருந்தார், குட்டி என்று. ஆனால் அவன் காதில் கேட்டது குழந்தைக் குரல் இல்லை. நன்றாக வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். இருபது வயது இருக்கும் என்றான். களைப்பாக, மரியாதையாக, ரொம்ப நேரம் படுத்தே இருப்பவர்கள் பேசுகிற மாதிரி அடங்கிப் பேசியதாம்.

"அப்புறம்? கொஞ்சம் சீக்கிரம் வாசிங்க. இந்த மேசை சின்னது. இப்பல்லாம் என்னால காலை நீட்ட முடியல."